குதிக்கிற நிறம்

துண்டக்காவிடம் இரண்டு மூக்குக்கண்ணாடிகள் உண்டு. ஒன்று ஊசியில் நூல் கோர்க்க, இன்னொன்று தெருவில் வருகிறவர்களை அடையாளம் காண. போர்வைக்கு நிறம் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் மட்டும் இரண்டையும் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்துவிடுவாள். முதல்முறை பார்க்கிறவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியும். கண் தெரியாமல் எப்படி நிறம் பார்ப்பதாம்? ஆனால் அவளுக்கு அதுதான் கணக்கு. கண்ணாடி போட்டிருந்தால் துணியில் இருக்கிற பூவும் கொடியும் புள்ளியும் கோடும் 'என்னைப் பார், என் அழகைப் பார்' என்று வரிசையில் நிற்கும். கழற்றிவிட்டால் அதெல்லாம் கரைந்துபோய், எது வெளிச்சம் எது இருட்டு என்பது மட்டும் மிஞ்சும். ஒரு போர்வை நன்றாக அமைவதும் சொதப்புவதும் அதில்தான் இருக்கிறது.

துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்துப் போர்வை ஆக்குகிறவள் என்பதால் துண்டக்கா. தெருவில் அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் மின்சாரக் கட்டண அட்டையில் மட்டும் இருந்தது. கணவர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர். வெட்டி மிஞ்சிய துணிகளை வாரக் கடைசியில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருவார். அந்த மூட்டையை அவிழ்க்கும்போது துண்டக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும். கல்யாணம் ஆகி முப்பது வருடத்தில் தன்னை அவள் ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை என்று அவர் குறைப்பட்டுக்கொள்வார்.

முன்னறையில் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, பழைய வெள்ளை விரிப்பு ஒன்றைத் தரையில் விரிப்பாள். அதன்மேல் வெட்டிய துண்டுகளை அடுக்குவாள். அடுக்கி முடித்ததும் ஒரு மர ஸ்டூலின்மேல் ஏறி நின்று, கண்ணாடி இல்லாத கண்களால் மேலிருந்து பார்ப்பாள். ஒரே ஒரு துண்டு மற்றவற்றை எல்லாம் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நின்றால், "ம்... குதிக்குது" என்பாள். இறங்குவாள். அந்தத் துண்டை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பாள். மறுபடி ஏறுவாள். ஒரு போர்வைக்கு இப்படி நாற்பது ஐம்பது தடவை ஏறி இறங்குவது உண்டு. முழங்கால் வலிக்கும்போது கணவரை ஏறிப் பார்க்கச் சொல்வாள். அவருக்கு எல்லாமே நன்றாக இருக்கும். அதனால் அந்த வேலையிலிருந்து அவரைச் சீக்கிரமே நீக்கிவிட்டாள்.

போர்வை கேட்டு வருகிறவர்களிடம் 'உங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்?' என்று அவள் கேட்டதே கிடையாது. யார் போர்த்திக்கொள்ளப் போகிறார்கள், அந்த அறைச் சுவர் என்ன நிறம், ஜன்னல் எந்தப் பக்கம், காலையில் வெயில் கட்டிலில் விழுமா என்று விசாரிப்பாள். பிறகு வடிவத்தையும் அவளே முடிவு செய்வாள். குழந்தைகளுக்குக் காற்றாடி. புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்குப் படிக்கட்டு. தூக்கம் வராதவர்களுக்குக் கிணறு, அதாவது நடுவில் ஒரு சின்னச் சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள், உள்ளே வெளிறி, வெளியே போகப் போக இருண்டு. "அந்தச் சதுரத்தையே பாத்துக்கிட்டு இருந்தா கண்ணு தானா சொருகிடும்" என்பாள். வாடிக்கையாளர் ஏதாவது நிறத்தைச் சொல்லி அடம்பிடித்தால் கேட்டுக்கொள்வாள், தலையாட்டுவாள், தன் இஷ்டப்படி தைத்துக் கொடுப்பாள். அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஆனால் அந்த முயல் பெரும்பாலும் அழகாக இருந்துவிடும் என்பதுதான் தொல்லை.

இன்னொரு சட்டமும் அவளிடம் இருந்தது. தண்ணீர் பார்க்காத துணியில் கத்திரி படக்கூடாது. புதிதோ பழசோ, எந்தத் துணி வந்தாலும் முதலில் கொதிக்கிற தண்ணீர், ஒரு கை உப்பு, சோப்பு. அலசி, நிழலில் காயப்போட்டு, தேய்த்த பிறகுதான் வெட்டு. இது அனுபவத்தில் பட்ட சூடு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பல் டாக்டர் அம்மா, பிறந்த பேரனுக்காக வெள்ளையும் சிவப்புமாக ஒரு போர்வை கேட்டிருந்தார். அவசரத்தில் சிவப்பைத் துவைக்காமல் தைத்துவிட்டாள். முதல் துவையலிலேயே சிவப்பு இறங்கி வெள்ளை எல்லாம் காயத்துக்குக் கட்டிய துணி மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் அம்மா அதைக் கொண்டுவந்து, நான்கு பேர் முன்னால் மேசைமேல் விரித்துப் போட்டுவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் போனார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பாள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது. அதற்குப் பிறகு முப்பது வருடத்தில் அவள் தைத்த ஒரு போர்வையிலும் ஒரு நிறம் இன்னொரு நிறத்தின்மேல் ஏறியதில்லை. அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே இருந்தது.

அவளுக்கு ஒரே ஒரு தங்கை. நான்கு வருடம் இளையவள், நூலகத்தில் வேலை, வாயில்லாப் பூச்சி. சின்ன வயதில் அம்மா இருவரையும் துணிக்கடைக்குக் கூட்டிப்போனால், தங்கை வாய் திறப்பதற்குள், "இவளுக்கு நீலம்தாம்மா எடுக்கும்" என்று அக்கா முடித்துவிடுவாள். தங்கை தலையாட்டிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் நீலம், கல்லூரியில் நீலம், கல்யாணத்துக்கு நீலம். நன்றாகத்தான் இருந்தது. யாரும் குறை சொல்ல முடியாது. கல்யாணம் ஆகி, கணவரையும் ஒரு விபத்தில் பறிகொடுத்து, ஒரே பெண்ணோடு தனியாக நின்றபோதும் தங்கை நீலத்திலேயே நின்றாள். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவள் அக்கா பேச்சைக் கேட்கவில்லை. பெண்ணுக்குத் துணி எடுக்க அக்காவைக் கூட்டிக்கொண்டு போனதே இல்லை. "அவ இஷ்டத்துக்கு எடுத்துக்கட்டும் அக்கா" என்று ஒரு தடவை சொன்னாள். அந்த வீட்டில் அவள் போட்ட ஒரே உத்தரவு அதுதான்.

அந்தப் பெண்ணின் இஷ்டம் கண்ணைப் பறிக்கிற ரகம். கிளிப்பச்சைப் பாவாடை, அதற்கு ஊதாச் சட்டை, கழுத்தில் மஞ்சள் துப்பட்டா. படித்து முடித்து ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே எல்லோருக்கும் மேலே வெள்ளைக் கோட். அந்தக் கோட்டுக்குள்ளிருந்து அவள் சட்டைக் காலர் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் பெரியம்மா வீட்டுக்குள் நுழைந்து, விரித்திருக்கிற துண்டுகளின் ஓரமாக உட்கார்ந்துகொள்வாள்.

"பெரியம்மா, இந்த ஆரஞ்சை ஏன் எடுத்தீங்க? நல்லாத்தானே இருந்துச்சு?"

"குதிக்குதுடி. ஒண்ணு குதிச்சா மத்தது எல்லாம் செத்துடும்."

"அப்ப இதை என்ன பண்ணுவீங்க?"

"வந்த பையிலேயே போட்டு முடிச்சுப் போட்டுத் திருப்பிக் குடுத்துடுவேன். அடுத்தவங்க துணி நமக்கு எதுக்கு?"

அவள் தன் சட்டையைக் குனிந்து பார்த்தாள். "நானும் குதிக்கிற கலர்தான் பெரியம்மா. என்னையும் பையில போட்டு முடிச்சுப் போட்டுடுவீங்களா?"

இடித்த புளி மாதிரி மூலையில் உட்கார்ந்திருந்த பெரியப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். "ஆமா, உங்க பெரியம்மா பொண்ணு பாக்க வந்தப்பவே என்னையும் கண்ணாடியைக் கழட்டிட்டுத்தான் பாத்தா. போட்டுப் பாத்திருந்தா இந்நேரம் நானும் அந்தப் பையிலதான் இருந்திருப்பேன்." அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். துண்டக்காவும் சிரித்துவிட்டு, "போடி, வாயாடி" என்று ஸ்டூலில் ஏறினாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அந்த வாயாடி வராத நாளில் அந்த முன்னறை வெறும் துணிக் குடோனாக இருந்தது.

இருபத்து மூன்று வயதில் அந்தப் பெண் போய்ச் சேர்ந்தாள். ஒரு திங்கட்கிழமை கடையிலிருந்து காய்ச்சலோடு வந்தவள், உடை மாற்றக்கூட முடியாமல் படுத்தாள். இரண்டு நாள் மாத்திரை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி. ஐந்தாம் நாள் இல்லை. மூளைக் காய்ச்சல் என்றார்கள். பெயர் தெரிந்து என்ன செய்வது? துண்டக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். தங்கை அழவில்லை. வீட்டுக்குத் திரும்பியதும் நேராகக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அவள் என்ன செய்தாள் என்பது ஒரு வருடத்துக்கும் மேல் கழித்துத்தான் அக்காவுக்குத் தெரியவந்தது.

பதினோரு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலையில் தங்கை வந்தாள். கையில் ஒரு தடித்த பிளாஸ்டிக் பை, வாயை இறுக்கி இரண்டு முடிச்சுப் போட்டிருந்தது.

"அவளோட துணிங்க அக்கா. ஒரு போர்வை தச்சுக் குடு. போத்திக்கணும்."

"என்ன மாதிரி வேணும்?" என்று துண்டக்கா வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டாள். அப்படிக் கேட்டதற்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"நீ பாத்துக்க" என்றாள் தங்கை. பழக்கம். பையை மேசைமேல் வைத்துவிட்டு, அதன்மேல் கையை வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள். தேநீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அன்று மதியமே துண்டக்கா பையைக் கொல்லைப்புறம் எடுத்துப்போனாள். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. முடிச்சு அவிழ்ந்ததுதான் தாமதம், அந்தப் பெண் வந்து நின்றாள். முகப்பவுடர், வியர்வை, மருந்துக் கடையின் லேசான கசப்பு நெடி, தலைமுடி, எல்லாம் சேர்ந்த அவளுடைய வாசனை. துண்டக்கா துவைக்கிற கல்லில் அப்படியே உட்கார்ந்தாள். 'எனக்கே தாங்கலையே, பெத்தவளுக்கு எப்படித் தாங்கும்? இதைப் போத்திக்கிட்டு அவ எப்படித் தூங்குவா?' என்று நினைத்தாள். தங்கைக்கு இப்படி ஒரு கஷ்டம் வரவே கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. அவள் செய்ததெல்லாம் அன்பினால்தான். அதைச் சொல்லாமல் விட்டால் அவளுக்கு நியாயம் செய்ததாக ஆகாது.

பதினான்கு துணிகள் இருந்தன. ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். கிளிப்பச்சை, ஊதா, மஞ்சள், வெள்ளைக் கோட். ஒன்றோடு ஒன்று சேர்த்தால் அவற்றின் சூடு தணிந்துவிடும், சேர்க்கத் தெரியவேண்டும் என்று அவளுடைய மூளையின் ஒரு மூலை அந்த நேரத்திலும் வேலை செய்தது. கடைசியாக வந்தது ஒரு ஆரஞ்சுச் சட்டை. கண்ணாடி இருந்தாலும் குதிக்கும், இல்லாவிட்டாலும் குதிக்கும், கண்ணை மூடினாலும் குதிக்கும் போலிருந்தது. கசங்கியிருந்தாலும் புதுசு, ஒரு தடவைகூடத் தண்ணீர் பார்க்கவில்லை. கட்டைவிரலை நனைத்து ஒரு ஓரத்தில் அழுத்தி, வெள்ளைக் கோட்டின் உள்மடிப்பில் தேய்த்துப் பார்த்தாள். ஆரஞ்சு ரேகை அப்படியே பதிந்தது. பத்துத் தடவை துவைத்தாலும் சாயம் விடுகிற ஜாதி. அதை மட்டும் வந்த பையிலேயே போட்டு, பழக்கப்படி முடிச்சுப் போட்டு, அலமாரிக்கு மேலே தூக்கி வைத்தாள். மற்றப் பதின்மூன்றையும் கொதிக்கிற தண்ணீரில் அமுக்கினாள். வழக்கத்தைவிட ஒரு கை சோப்பு அதிகம் போட்டாள். ஒருமுறை அலசி, மறுபடியும் வாசனை பார்த்து, இன்னொரு முறையும் துவைத்தாள்.

அந்தப் போர்வைக்கு அவள் கிணறு வடிவத்தைத்தான் எடுத்தாள். தங்கை தூங்கி எத்தனை மாதமாயிற்றோ. முப்பது கிணறுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் வெள்ளைக் கோட்டிலிருந்து வெட்டிய ஒரு சதுரம். அதைச் சுற்றி மஞ்சள், பிறகு இளம்பச்சை, பிறகு கிளிப்பச்சை, கடைசியில் ஊதா. எந்தத் துண்டும் குதிக்கவில்லை. அந்த வாயாடியின் துணிகள் அத்தனை அடக்கமாக, ஒன்றுக்கொன்று வழிவிட்டு உட்கார்ந்திருந்தன. இரண்டு மாதம் வேறு எந்த வேலையும் எடுக்கவில்லை. பஞ்சு வைத்து, அடித்துணி கோர்த்து, ஒவ்வொரு பட்டையையும் கையாலேயே தைத்தாள். முடித்த அன்று ஸ்டூலில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்காமல் நின்றாள். கணவர் பக்கத்தில் வந்து, "இதுவரைக்கும் நீ தச்சதுலயே இதுதாண்டி" என்றார். எல்லாவற்றையும் நன்றாக இருக்கிறது என்று சொல்கிறவர்தான், ஆனாலும் அன்று அவர் சொன்னது உண்மை.

தங்கை வந்தாள். முன்னறைக் கட்டிலில் போர்வை விரித்திருந்தது. ஒரு நிமிடம் அதைப் பார்த்தாள். பிறகு முழங்காலிட்டு, இரண்டு கையாலும் போர்வையை அள்ளி முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு மூச்சை இழுத்தாள். நிறுத்தினாள். வேறொரு இடத்தை எடுத்து மறுபடி இழுத்தாள். இன்னொரு இடம். இன்னொரு இடம். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி அந்தப் போர்வை முழுக்க முகத்தை நகர்த்திக்கொண்டே போனாள்.

"துவைச்சியா?" என்றாள் தங்கை, தலையைத் தூக்காமல்.

"துவைக்காம எப்படிடி தைக்கறது? சாயம்..."

"நான் துவைக்கல அக்கா. பதினோரு மாசம் துவைக்காம வச்சிருந்தேன்." அவள் குரல் உயரவே இல்லை. "அன்னைக்கு வந்து அழுக்குக் கூடையில இருந்ததை அப்படியே அள்ளிப் பையில போட்டுக் கட்டினேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை முடிச்சை அவுப்பேன். ஒரே ஒரு மூச்சு. உடனே கட்டிடுவேன். ரெண்டு மூச்சு இழுத்தா சீக்கிரம் தீந்துடுமேன்னு."

"அப்ப ஏண்டி வெட்டக் குடுத்த?"

"போர்வையா இருந்தா மேல போத்திக்கலாமேன்னுதான். ஒரேயடியா தீந்தாலும் பரவால்ல, ஒரு தடவையாவது முழுசா அவ பக்கத்துல படுத்துக்கலாம்னு." போர்வையின் மடிப்பை விரலால் நீவினாள். "துவைக்காதேன்னு சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல. யாராவது அதைத் துவைப்பாங்களா அக்கா?"

முப்பது வருடமாகத் துவைக்கிற ஒருத்தியைத் தவிர உலகத்தில் வேறு யாரும் அதைத் துவைத்திருக்க மாட்டார்கள். தரையில் கொட்டிய தண்ணீரை அள்ள முடியாது. பாவம், துண்டக்கா வாய் திறந்தபோதும் தப்பானதுதான் வந்தது. "உனக்குத் தாங்காதுன்னு நெனச்சேன்" என்றாள்.

தங்கை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "சின்ன வயசுலேர்ந்து எனக்கு எது நல்லா இருக்கும்னு நீதான் பாத்த" என்றாள். "நல்லாத்தான் பாத்த." அதைவிட அவள் கையை ஓங்கியிருக்கலாம்.

கதவு வரை போய்விட்டாள். அப்போதுதான் துண்டக்காவுக்கு அலமாரி நினைவு வந்தது. ஓடிப்போய், நிறம் பார்க்கிற ஸ்டூலையே இழுத்துப் போட்டு ஏறி, அலமாரிக்கு மேலே கையை விட்டுத் துழாவினாள். நூல்கண்டு டப்பா விழுந்து தரையெல்லாம் உருண்டது. பை கிடைத்தது. முடிச்சு அப்படியே இருந்தது. இரண்டு கையாலும் அதை ஏந்திக்கொண்டு வந்து தங்கையிடம் நீட்டினாள்.

"இதை மட்டும் துவைக்கல. இது... சேரலைன்னு எடுத்து வச்சுட்டேன்."

தங்கை முடிச்சை அவிழ்த்தாள். ஒரே இழுப்பு, அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளின் பழக்கம். உள்ளே பார்த்தாள். "காய்ச்சலோட வந்தப்ப போட்டிருந்தது" என்றாள். "ரெண்டு நாள் இதுலயேதான் கெடந்தா. நானும் அவளும் சேந்து போய் எடுத்தோம். நான்தான் இதை எடுத்துக்கன்னு சொன்னேன்." பைக்குள் முகத்தை வைத்து ஒரு மூச்சு. அவ்வளவுதான். உடனே கட்டிவிட்டாள். "இருக்கு" என்றாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போனாள். போர்வையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு துண்டக்கா யாருக்கும் நிறம் பார்க்கவில்லை. வருகிறவர்களை ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பினாள். கணவர் கொண்டுவந்த மூட்டைகள் அவிழாமல் சேர்ந்துகொண்டே போயின. தங்கைக்குப் போன் செய்வாள், தங்கையும் எடுப்பாள், "நல்லா இருக்கேன் அக்கா" என்று சொல்லி வைத்துவிடுவாள். சண்டை போட்டிருந்தால் சமாதானம் ஆகியிருக்கலாம். சண்டையே போடாதவளோடு எப்படிச் சமாதானம் ஆவது? அந்தப் பெண் செத்துப்போனதைத் தாங்கிக்கொண்ட துண்டக்காவால் இதைத் தாங்க முடியவில்லை. அவளை இரண்டாம் தடவை கொன்றது தான்தான் என்று நினைத்தாள். ஒரு நாள் அதைக் கணவரிடம் சொல்லியும்விட்டாள். வேடிக்கை பேசுகிற மனிதர், அன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஐந்து மாதம் கழித்துத் தங்கை தானாக வந்தாள். கையில் பை இல்லை. ஆரஞ்சுச் சட்டையை மடித்து வெறும் கையில் பிடித்திருந்தாள்.

"தீந்துடுச்சு அக்கா" என்றாள்.

இருவரும் கட்டிலில் உட்கார்ந்து அழுதார்கள். தங்கை அழுது துண்டக்கா பார்த்தது அன்றுதான். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு தங்கை, "அந்தப் போர்வை இருக்கா?" என்று கேட்டாள். துண்டக்கா எடுத்து வந்து விரித்தாள். சட்டையை அதன்மேல் வைத்தாள். கண்ணாடியைக் கழற்றவே தேவையில்லை. அந்த அடக்கமான பச்சையையும் மஞ்சளையும் ஊதாவையும் மிதித்துத் தள்ளிவிட்டு அது முன்னால் வந்து நின்றது. வைக்க ஒரே ஓர் இடம்தான் உண்டு என்று துண்டக்காவின் கை சொல்லிற்று: ஓரத்தில், விளிம்புப் பட்டையாக, யாருக்கும் உறுத்தாமல். வாய் வரை வந்ததை விழுங்கினாள்.

"எங்க வைக்கட்டும்? நீ சொல்லு."

தங்கை அக்காவைப் பார்த்தாள். பிறகு போர்வையைப் பார்த்தாள். "நடுவுல" என்றாள். "எல்லாத்துலயும்."

"முப்பதுலயுமா?"

"முப்பதுலயும்."

"சாயம் விடும்டி. துவைச்சாலும் நிக்காது இது. முதல் தண்ணியிலேயே மத்தது மேல எல்லாம் ஏறிடும். அவ்வளவு வேலையும் போயிடும்."

"ஏறட்டும் அக்கா."

துண்டக்கா சட்டையை எடுத்தாள். தண்ணீர் பார்க்காத துணியில் முப்பது வருடத்தில் முதல்முறையாகக் கத்திரியை வைத்தாள். பொத்தான்களை மட்டும் வெட்டித் தங்கையின் உள்ளங்கையில் வைத்தாள். முப்பது சதுரங்கள். வெள்ளைச் சதுரங்களைப் பிரிக்கவில்லை. அவற்றின்மேலேயே ஆரஞ்சை வைத்து ஓரம் மடித்துக் கையால் தைத்தாள். ஊசிக்குத் தங்கை நூல் கோர்த்துக் கொடுத்தாள். தைக்கிற சாக்கில், தலையைத் தூக்காமல், துண்டக்கா அன்று நடந்ததைச் சொன்னாள். "பையை அவுத்ததும் அவ வந்துட்டாடி. எனக்குத் தாங்கல. உனக்காகன்னு நெனச்சேன், ஆனா எனக்குத்தான் தாங்கல. அதான் அவசர அவசரமா தண்ணியில போட்டேன்." தங்கை அடுத்த ஊசியைக் கோர்த்து நீட்டினாள். "தெரியும்" என்றாள். எப்போது தெரிந்தது என்று துண்டக்கா கேட்கவில்லை.

அந்தப் போர்வையைத் தங்கை ஒரு வருடம் போர்த்திக்கொண்டாள். பிறகு அழுக்கேறி, வேறு வழியில்லாமல் ஒரு நாள் அவளே துவைத்தாள். துவைக்கப்போகிறேன் என்று அக்காவுக்கு முன்கூட்டியே போன் செய்தாள். துண்டக்கா போய்ச் சேரும்போது போர்வை மொட்டைமாடிக் கொடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டு தொங்கியது. சொன்னது சொன்னபடி நடந்திருந்தது. முப்பது கிணறுகளிலிருந்தும் ஆரஞ்சு வழிந்து, மஞ்சளில் ஏறி, இளம்பச்சையைத் தாண்டி, திட்டுத் திட்டாக ஊதா வரைக்கும் போயிருந்தது. கீழே தரையில் சொட்டிய தண்ணீர்கூட ஆரஞ்சாக இருந்தது. வேறு யாராவது கொண்டுவந்து காட்டியிருந்தால் துண்டக்கா வெட்கத்தில் செத்திருப்பாள்.

கண்ணாடியைக் கழற்றினாள். பூவும் கோடும் கிணறும் கரைந்துபோயின. வெளிச்சம் எது, இருட்டு எது என்று தேடினாள். ஒன்றும் பிரியவில்லை. ஒரே ஆரஞ்சுதான், கொடியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை.

"குதிக்குதா அக்கா?" என்று தங்கை பக்கத்தில் வந்து கேட்டாள்.

"குதிக்குதுடி" என்றாள் துண்டக்கா. "நல்லா குதிக்குது."

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொள்ள அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.